பாலிஷ் என்ற ஒரே சொல்

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா தவறாம பாலிஷ் போட்டேன் மருமவனே, பொறவும் ஏன் இப்படி உரியுது?" என்று அம்பாசமுத்திரத்து மாமா கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை. நீல நிறக் கார். மேற்கூரையில் நகம் பட்டதும் பாம்புச் சட்டை போல நிறமில்லாத மெல்லிய தோல் ஒன்று உரிந்து வந்தது. அதுதான் கிளியர் கோட், நிறத்துக்கு மேல் காப்பாக அடிக்கும் அடுக்கு. நல்ல நிலையிலேயே அது ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது.

மாமா மனதில் நினைத்தது மெழுகு. கடையில் ஒவ்வொரு முறையும் போட்டது ரப்பிங் காம்பவுண்ட். இரண்டுக்கும் நம் பக்கத்தில் பெயர் 'பாலிஷ்'தான். தேய்த்துத் தேய்த்துத் தோல் மெலிந்துவிட்டது, மீதியை நம்மூர் வெயில் பார்த்துக்கொண்டது.

பாலிஷ் என்பது நைசான துகள்களால் மேல்தோலைச் சீவுவது. காம்பவுண்ட் அதையே இன்னும் கரகரப்பாகச் செய்கிறது. வேக்ஸ் என்கிற மெழுகு, சீலன்ட், செராமிக் எல்லாம் மேலே பூசுபவை. வீட்டுச் சுவரில் உப்புத்தாள் போடுகிறவரைப் பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார் என்று நாம் சொல்வதில்லையே! காருக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம்? கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டில் தேய்த்தால் கார் நிறம் துணியில் ஏறும். கரைவது கண்ணுக்குத் தெரியும். இப்போது கரைவது நிறமில்லாத அடுக்கு. துணியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

காருக்குப் போடுவதாகச் சொல்லும் 'டெஃப்ளான் கோட்டிங்' என்ற பெயரும் எனக்கு ஒப்பவில்லை. டெஃப்ளான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அப்படிச் சுட்டுத்தான் ஒட்டவைக்கிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயிண்ட் மிஞ்சாது. டப்பாவில் அது கலந்தே இருந்தாலும் தோசைக்கல்லில் போல ஒட்டி நிற்க வழியில்லை.

அப்புறம் செராமிக் பூச்சின் கடினத்துக்குச் சொல்லும் இந்த '9எச்'. வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். தவறு. வைரத்துக்கு 10 என்பது மோஸ் அளவு, கனிமங்களின் கடினத்துக்கானது. 9எச் என்பது பென்சில் அளவு. அத்தனை கடினமான பென்சிலால் கீறினாலும் பூச்சில் கோடு விழாது, அவ்வளவுதான். மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு மோஸ் அளவில் 7. செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்து காய்ந்த துணியால் துடைத்தால் செராமிக் பூச்சிலும் கீறல் விழும்.

சீவுவதா, பூசுவதா என்று டப்பாவிலும் விலைப்பட்டியலிலும் தமிழில் ஒரு வார்த்தை போடட்டும். நான் கேட்பது அதைத்தான். போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் தம்பி எடுத்த டப்பாவைக் காட்டி, "இது தேய்க்கிறதா, பூசுறதா?" என்று கேட்டேன். திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சேந்ததுண்ணே" என்றான். 'கிளீனர் வேக்ஸ்' என்று போட்டிருந்தது. பூசுவதை மட்டும் எடுத்து வரச் சொன்னேன்.