பட்டன் போனிலும் 112 போகும்
"போலீஸின் காவல் உதவி ஆப் இருந்தால்தான் பாதுகாப்பு, விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ எடுக்க வரும் அக்காக்களின் பட்டன் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு அண்ணே. இதை அவர்களே நம்பிவிட்டால் இருக்கிற வழியும் போய்விடும்.

2016-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாக் கைபேசியிலும் 112 என்ற அவசர உதவி எண்ணை உடனே அழைக்கும் அவசர பட்டன் வசதி இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை, சில மாடல்களில் ஐந்து முறை. ஆப்பும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். டவர் இருந்தால் போதும். அதற்கும் முந்தைய பழைய போன் என்றால் நேராக 112 அடிக்க வேண்டியதுதான்.

நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. காவல் உதவி ஆப் ஜிபிஎஸ் வைத்து இருப்பிடத்தை அனுப்பும். சாதாரண பட்டன் போனில் டவரை வைத்துத் தோராயமாகத்தான் தெரியும். மேலூர் பக்கத்து ரோடுகளில் ஒரு டவரின் எல்லை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எதிர்முனையில் எடுத்ததும் முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும்: "பூ மார்க்கெட் வாசல்", "ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்" என்று. பேர், ஊர், நடந்த கதை எல்லாம் அப்புறம்.

181-ஐ இதோடு குழப்ப வேண்டாம். அது ஆலோசனைக்கும் சட்ட உதவிக்குமான பெண்கள் உதவி எண். ஒருவன் பின்னாலேயே வருகிறான் என்றால் அடிக்க வேண்டியது 112.