மழையில் கிடந்த நிலக்கரி: காயவைத்தால் சரியாகிவிடுமா?

"நிலக்கரி கல் மாதிரி. வெயில் மழையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஈரம்தான் ஏறும், காயவைத்தால் பழையபடி ஆகிவிடும்." கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

கோக் (இரும்பு உருக்கும் உலையில் இடும் கெட்டிக் கரி) தயாரிக்கும் பிட்டுமினஸ் வகை நிலக்கரியைக் கெடுப்பது ஈரத்தைவிட ஆக்சிஜன்தான். அது முதலில் பெராக்சைடாக ஒட்டி, பிறகு கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகளாகவும் ஈதர் பாலங்களாகவும் மாறுகிறது. சூடாக்கும்போது மூலக்கூறுகளை நழுவவிடும் ஹைட்ரஜன் குறைகிறது; பாலங்கள் அவற்றைப் பூட்டிவிடுகின்றன. ஆகவே ஏறக்குறைய 350 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை குழைய வேண்டிய கரி, தாமதமாக இளகிச் சீக்கிரம் இறுகுகிறது. போன ஹைட்ரஜன் காயவைத்தால் திரும்புமா?

சாம்பலும் எரிவெப்பமும் ஆரம்பத்தில் அதிகம் மாறாது. ஏமாறுவது இங்கேதான். சூட்டில் கரி எவ்வளவு இளகிப் பாய்கிறது என்று அளக்கும் கீசலர் கருவியில் 5 கிராம் மாதிரியை நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் சூடாக்கினால் பாய்மை சரிந்திருப்பது தெரியும். சூட்டில் கரி எவ்வளவு உப்புகிறது என்று சொல்லும் வீக்க எண் அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கொதிக்கவைத்து வடிகட்டினால் சாறு பழுப்பாக இறங்குவதும் ஓர் அடையாளம்.

இந்தச் செய்திக்கு மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் என்ற ஊரின் கரியை உதாரணம் காட்டுவதும் பொருந்தாது. 1960இல் மூடிய அந்தச் சுரங்கத்தின் கரி கோக் ஆகும் வகையே அல்ல.

மாதிரியைக் காற்றோட்டமுள்ள சூடான அடுப்பில் உலர்த்துவதும் ஆக்சிஜனேற்றமே. பொடித்த கரி இன்னும் வேகமாகக் கெடும். நைட்ரஜன் நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்து, பொடித்தவுடன் சோதியுங்கள்.