முட்டிக்குள் எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் வலி குறைந்தது

"எனக்கு ஆபரேஷன் பண்ணாங்க, வலி போயிடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

மூட்டு வலிக்கு வருகிறவர்களும் அவர்களைக் கூட்டி வருகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த ஆதாரம் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் போதாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். வீட்டில் ஐம்பதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப் போயிருந்தால் முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொன்னால் 'இவருக்கு அதில் லாபம் இருக்கிறது' என்று நீங்கள் நினைக்கலாம், நினைக்கவும் வேண்டும். அதனால்தான் என் அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, நடந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மூட்டு சர்ஜன் இருந்தார். மூட்டுத் தேய்மானத்தால் வலி என்று வருகிறவர்களுக்கு அப்போது எல்லோரும் செய்துகொண்டிருந்தது ஆர்த்ராஸ்கோபி. முட்டியில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, மூட்டை உப்புநீரால் கழுவி, பிசிறு தட்டிய இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு ஆறரை லட்சம் பேருக்கு இது நடந்துகொண்டிருந்தது. செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வலி குறைந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் உள்ளே போய்ச் செய்த அந்த வேலையால்தான் வலி குறைந்ததா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மோஸ்லியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 1995-இல் தொடங்கி மூன்று வருடங்களில் 180 பேரைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூட்டைக் கழுவினார்கள், இன்னொரு குழுவுக்குக் கழுவிச் சுத்தமும் செய்தார்கள். மூன்றாவது குழுவுக்கு முட்டிக்குள் எதுவுமே செய்யவில்லை.

அந்த மூன்றாவது குழுவுக்குத் தியேட்டரில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நோயாளி உள்ளே வந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை இவர் எந்தக் குழு என்று சர்ஜனுக்கும் தெரியாது. தூக்கம் வருவதற்கு ஊசி. வழக்கம் போல முட்டியைச் சுத்தம் பண்ணி, துணி போர்த்தி, தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல். சர்ஜன் நிஜ ஆபரேஷனில் கேட்பது போலவே ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார். மூட்டைக் கழுவும் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காக உப்புநீரைச் சலசலக்க விடுவார்கள். நிஜ ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் வரை தியேட்டரிலேயே வைத்திருந்து, தையல் போட்டு அனுப்புவார்கள். இரவு வார்டில் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வலியிலும் சரி, நடப்பது படியேறுவது போன்ற விஷயங்களிலும் சரி, நிஜமாகவே செய்துகொண்ட இரண்டு குழுக்களும் மூன்றாவது குழுவை ஒரு கட்டத்திலும் முந்தவில்லை. சொல்லப்போனால், இரண்டாவது வாரத்தில் நடக்கவிட்டு, படியேறவிட்டு அளந்தபோது, சுத்தம் செய்துகொண்டவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். 2002 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியானது.

மூன்றாவது குழுவில் வலி குறைந்தவர்கள் பொய் சொன்னார்களா? இல்லவே இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே குறைந்திருந்தது. தேய்மான வலி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறும், இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரைத் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காய்ச்சல் தானாக விடப்போகிற அன்றைக்கு மந்திரித்த கயிறு கட்டினால் பேர் கயிற்றுக்குத்தான் போகும். அதோடு ஆபரேஷன் முடிந்ததும் ஓய்வு கிடைக்கிறது, உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள், வீட்டில் எல்லோரும் தாங்குகிறார்கள், 'இனி சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் நடக்கும் இடத்தில், முட்டிக்குள் போன கத்தியின் பங்கு எவ்வளவு என்பது நோயாளிக்கும் தெரியாது, சர்ஜனுக்கும் தெரியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

இது நோயாளிகளை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அது உறுத்தியது. ஆனால் சேர்ந்த ஒவ்வொருவரும், 'எனக்குப் பெயரளவிலான அறுவை சிகிச்சை மட்டும் கிடைக்கலாம், அதனால் என் மூட்டுத் தேய்மானத்துக்குப் பலன் இருக்காது' என்ற பொருளில் தன் கைப்படவே எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர்க்கப்பட்டார். தகுதியான 324 பேரில் 144 பேர் மாட்டோம் என்றார்கள், விட்டுவிட்டார்கள். இதைவிட நேர்மையான ஒப்புதல் படிவத்தை நான் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், பலன் உண்டா என்றே தெரியாத ஒன்றை வருடத்துக்கு லட்சக்கணக்கானவர்களுக்குச் செய்துகொண்டே போவதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அந்த ஆய்வுக்கு எதிர்ப்பும் வந்தது. நோயாளிகள் பெரும்பாலும் ஆண்கள், செய்தவர் ஒரே சர்ஜன். "தேய்மானத்துக்கு உதவாது சரி, ஆனால் ஜவ்வு கிழிந்திருந்தால் கதையே வேறு" என்றார்கள். (ஜவ்வு என்று இங்கே சொல்வது முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸை.) சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று இறங்கியவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள்.

ஐந்து மருத்துவமனைகள், 35 முதல் 65 வயதுக்குள் 146 பேர். மூட்டுத் தேய்மானம் கிடையாது. அடிபட்டுக் கிழிந்ததும் இல்லை, வயதாக ஆக நைந்து கிழிந்த உள்பக்க ஜவ்வு. எல்லோருக்கும் கேமரா விட்டுப் பார்த்து, கிழிசல் இருப்பதை உறுதி செய்துகொண்டார்கள். பிறகு சிலருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு எடுக்கவில்லை. ஜவ்வைச் சீவி எடுக்கும் ஷேவர் கருவியைப் பிளேடு இல்லாமல் ஓடவிட்டு, முட்டிச் சில்லின் மேல் வெளியிலிருந்தே வைத்து அழுத்தினார்கள். 2013 டிசம்பரில் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து வலியில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதையே மறுபடி செய்துகொள்வீர்களா என்று கேட்டதற்கு, இரண்டு குழுவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சரி என்றார்கள்.

அதாவது எதையுமே வெட்டி எடுக்காதவர்களும் "எனக்குப் பண்ணாங்க, நல்லாயிடுச்சு, மறுபடியும் பண்ணிக்குவேன்" என்றுதான் சொன்னார்கள். பதிவின் முதல் வரியில் இருக்கும் சாட்சியம் ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஐந்து வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஜவ்வை வெட்டிக்கொண்டவர்களிடம்தான் தேய்மானம் சற்று அதிகமாக முற்றியிருந்தது.

2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, தேய்மான முட்டிக்கு இந்த ஆர்த்ராஸ்கோபி கிட்டத்தட்ட யாருக்குமே வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். நம் ஊரில் பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு பெரிய ஃபைலோடு வந்தார். ரிப்போர்ட்டில் 'மீடியல் மெனிஸ்கஸ், கிரேடு 3 டேர்' என்ற வரிக்குக் கீழே, பரீட்சைத் தாளில் போடுவது போலச் சிவப்பு மையில் அடிக்கோடு. "ஜவ்வு கிழிஞ்சிருக்காம் சார், ஆபரேஷன் பண்ணலைன்னா நடக்கவே முடியாமப் போயிடும்னு சொல்றாங்க" என்றார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். இரண்டு முட்டியையும் காட்டினார். ஸ்கேன் எடுத்திருந்தது ஒரு முட்டிக்கு. இன்னொன்றுக்கும் எடுத்திருந்தால் அதிலும் ஒரு கிழிசல் தெரிந்திருக்கலாம், ஆச்சரியமில்லை. அந்த அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று எழுதப் போவதில்லை. ஒருவர் கதை ஆதாரம் ஆகாது என்றுதானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், முட்டி வலி உண்டா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல், 50 முதல் 90 வயது வரை 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியானது. ஐம்பதுகளில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 19 பேருக்கு ஜவ்வுக் கிழிசல். எழுபதைத் தாண்டிய ஆண்களில் நூற்றுக்கு 56 பேருக்கு. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ எதுவும் இருக்கவில்லை. வயதானால் முடி நரைக்கிறது, ஜவ்வு நைகிறது. ஸ்கேனில் கிழிசல் தெரிவதும் உண்மை, முட்டி வலிப்பதும் உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று என்று ஸ்கேன் சொல்லாது.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. விளையாடும்போது அடிபட்ட இளைஞனின் முட்டி, நீட்டவே முடியாமல் லாக் ஆகி நிற்கும் முட்டி, இவற்றின் கணக்கே வேறு. முற்றிப்போன தேய்மானத்துக்கு முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை டென்மார்க்கில் 100 பேரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். மூட்டு மாற்றியவர்களுக்கு, பயிற்சியும் மருந்தும் மட்டும் எடுத்தவர்களைவிடத் தெளிவாகவே நல்ல பலன் கிடைத்தது. தீவிரமான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சிக் குழுவில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் பக்கம் போகவில்லை. ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க இதெல்லாம் தெரிய வேண்டும் இல்லையா?

இதய விஷயத்திலும் இதே பாடம் இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது. 1950-களில் நெஞ்சு வலிக்கு, மார்புக்கூட்டின் உள்ளே ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிடும் ஆபரேஷன் பிரபலமாக இருந்தது. வெறும் தோல் கீறலோடு அதை ஒப்பிட்ட இரண்டு சின்ன ஆய்வுகள் 1959, 1960-இல் வந்தன. கீறல் மட்டும் போட்டவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்திருந்தது. அத்தோடு அந்த ஆபரேஷன் வழக்கொழிந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராஷா அல்-லமீ குழு 2017-இல், நடந்தால் நெஞ்சு வலிக்கும் நாள்பட்ட நோயாளிகள் 200 பேரிடம், இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டைப் பெயரளவிலான சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. அதே குழு 2023-இல், வலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சு வலி நன்றாகவே குறைந்தது. (இது ஹார்ட் அட்டாக் வந்தவர்களைப் பற்றியது இல்லை. அட்டாக்கில் ஸ்டென்ட் உயிர் காக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) முதல் முடிவோடு நிற்காமல் மறுபடி சோதித்து, மாறி வந்ததையும் வெளியிட்டார்கள் பாருங்கள், அந்த மனசுக்குத்தான் நான் தலை வணங்குகிறேன்.

ஒரு புது மாத்திரை கடைக்கு வர வேண்டுமென்றால் எத்தனை கட்டச் சோதனை, எத்தனை அனுமதி! புது ஆபரேஷன் முறைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. ஒரு சர்ஜன் கற்றுக்கொண்டு வருவார், இன்னொருவர் அவரிடம் கற்றுக்கொள்வார், அப்படியே பரவும். எங்கள் துறையும் விதிவிலக்கில்லை. முட்டியில் ஜெல் தடவி ஓட்டும் அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைக்கும் மெஷின் என்று நாங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் இதே தராசில் நிறுத்துங்கள். நிற்காததைத் தூக்கிப் போட நான் தயார்.

பெரிய ஆய்வெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை என்று நினைக்க வேண்டாம். கண்புரை ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்து செலுத்தினால் கிருமித் தொற்று குறைகிறதா என்று நம் அரவிந்த் கண் மருத்துவமனைகள் தொடர்ந்து கணக்கு வைத்தன. சீட்டுக் குலுக்கிச் செய்தது இல்லை, ஆனால் வரிசையாக 20 லட்சம் ஆபரேஷன்களின் கணக்கு. 2019-இல் வெளியானது. பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த தொற்று இரண்டாக இறங்கியிருந்தது. உலகம் முழுக்கக் கண் டாக்டர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பேசுகிறார்கள்.

கண்ணுக்கு முடிந்தது முட்டிக்கு ஏன் முடியாது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ஆபரேஷனுக்குப் பணம் போகிறது என்றால், ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் அந்த நோயாளிக்கு ஒரு போன். வலி எப்படி இருக்கிறது, படியேற முடிகிறதா, கீழே உட்கார்ந்து எழ முடிகிறதா, வேலைக்குப் போகிறீர்களா. நாலே கேள்வி. ஆபரேஷன் வாரியாக, பெயர்களை நீக்கிவிட்டு, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். நம் வரிப்பணம் போகிற இடத்தில் இதைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

அதுவரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர்கள் உங்கள் சர்ஜனிடமே கேளுங்கள்: "டாக்டர், இதைப் பண்ணாம பயிற்சியும் எடைக் குறைப்பும் மட்டும் மூணு மாசம் பார்த்தா என்ன ஆகும்? என் மாதிரி ஆளுங்ககிட்ட ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்களா?" நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார், உட்காரவைத்துப் பதில் சொல்வார். முட்டி வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால், அல்லது அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டால், பயிற்சி பற்றியெல்லாம் யோசிக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து கமெண்ட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் இருக்கும்.