எதிரியே இல்லாத இடத்தில் ஒரு விக்டோரியா கிராஸ்

அயர்லாந்துக்காரன் எதற்காக ஆங்கிலேயன் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தான் என்று கேட்பது சுலபம். பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இருந்த அயர்லாந்துக்காரர் டிமொதி ஓஹே கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி கேட்க வாய் வரவில்லை.

1866 ஜூன் 9. கனடாவில் கியூபெக்கிலிருந்து கிங்ஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு ரயில். அதன் ஒரு பெட்டியில் சுமார் 2,000 பவுண்டு எடையுள்ள வெடிமருந்துச் சரக்கு. அதற்குக் காவலாக வந்த சிப்பாய்களில் ஒருவர் ஓஹே. அதே ரயிலில் பிழைப்புத் தேடி வந்த 800 ஜெர்மானியர்கள். டான்வில் நிலையத்தில் நின்றபோது வெடிமருந்துப் பெட்டியில் தீ. ரயில்காரர்களும் காவலுக்கு வந்தவர்களும் ஓட்டம் பிடித்தார்கள். ஓஹேவுக்கு அப்போது வயது 23 இருக்கும். சார்ஜென்ட் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே புகுந்து, எரிகிற உறைகளைக் கையாலேயே கிழித்து வெளியே வீசினார். அப்புறம் வாளி வாளியாகத் தண்ணீர். ஓடைக்கும் பெட்டிக்குமாகப் 19 நடை நடந்தார் என்கிறார்கள். தீ அணைந்தது. சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, ரயில் கிளம்பிவிட்டது.

அந்தத் தோட்டாக்கள் யாரைச் சுடுவதற்கு? ஃபெனியன்களை. அயர்லாந்து விடுதலைக்காகக் கனடாவைப் பிடித்துப் பேரம் பேசலாம் என்று, அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி வந்த அயர்லாந்துக்காரர்கள்! இங்கேதான் பலருக்கு 'துரோகி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடும்.

ஆனால் ஓஹே பிறந்த ஊரைப் பாருங்கள். கார்க் மாவட்டத்துக் கடற்கரை ஊரான ஸ்கல். அவர் கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து அந்தப் பகுதியையே வாரிக்கொண்டு போனது. பஞ்சத்துக்கு முன்பே நிலைமை ஒன்றும் நன்றாக இல்லை. 1830இல் பிரிட்டிஷ் படைச் சிப்பாய்களில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்துக்காரர்கள். அத்தனை பேரும் ராஜா மேல் பக்தி கொண்டா சேர்ந்தார்கள்? சோறு, சம்பளம், சட்டை.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் விக்டோரியா கிராஸ். எதிரி முன்னால் இல்லாவிட்டாலும் அதைத் தரலாம் என்று 1858இல் ஒரு விதி போட்டிருந்தார்கள். அதன்படி முதலில் வாங்கியவர் ஓஹே. இரண்டாவது முறை அந்தமானில் புயல் கடலில் தோழர்களை மீட்ட ஐந்து பேருக்குக் கிடைத்தது. 1881இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய தப்பு. விக்டோரியா கிராஸ் வரலாற்றில் எதிரியோடு சண்டை போடாமல், உயிர்களைக் காப்பாற்றியதற்காகக் கிடைத்த பதக்கங்கள் இவை.

ஓஹே அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராயப் போய்ப் பல வருடங்களுக்கு முன் காணாமல்போன லைக்கார்ட் என்பவரின் பயணக்குழுவில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று கிளம்பிய ஆண்ட்ரூ ஹ்யூமுடன் தேடப் போனார். 1874இல் குவீன்ஸ்லாந்து வறண்ட காட்டில், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ஹ்யூமும் ஓஹேயும் செத்தார்கள்.