சுவரில்லாத கூடம்

14 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள கூடத்தில் ஒரு சோபாவைப் போட இடமில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. மயிலாடுதுறையில் நாங்கள் புதிதாகக் கட்டிக் குடிபுகுந்த வீட்டின் கூடத்துக்கு நான்கு சுவர்கள் இருப்பது வரைபடத்தில் மட்டும்தான். கிழக்கில் வாசற்கதவும் பெரிய ஜன்னலும், மேற்கில் சமையலறைக்கும் பூஜையறைக்கும் போகும் வழிகள், தெற்கில் இரண்டு படுக்கையறைக் கதவுகள். முழுதாக எஞ்சிய வடக்குச் சுவரின் நட்டநடுவில் தொலைக்காட்சிக்கென மூன்று பிளக் பாயிண்டுகளைப் பதித்து அதற்கும் முடிவு கட்டிவிட்டார்கள்.

தொலைக்காட்சிக்கு எதிரே, இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள நாலரை அடியில் ஆறரை அடி சோபாவைப் போட்டால், அதன் இரு கைகளும் இரு கதவுகளை மறிக்கின்றன. படுக்கையறைக்குள் நாங்கள் நண்டு போலப் பக்கவாட்டில் நுழைகிறோம். பொறியாளரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் இன்டீரியர்காரங்க வேலை சார்" என்றார். ஒவ்வொரு கதவுக்கும் வாஸ்து பார்த்து அங்குலக் கணக்கில் இடம் குறித்தவர்களில் ஒருவருக்காவது, இந்த வீட்டில் மனிதர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே!

பாட்டி வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சலும் சுருட்டி வைத்த பாய்களும்தான் இருந்தன. பத்துப் பேர் வந்தாலும் பாயை விரித்தால் முடிந்தது. அந்தக் கூடமும் முற்றமும் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கதவில்லாத ஏழடிச் சுவர் போதும்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த தஞ்சாவூர் ஓவியத்தின் கதை இதைவிட மோசம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பசையால் மேடுகட்டி, அதன்மேல் தங்கத்தாள் பதித்த அந்தக் கிருஷ்ணரை, ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்ட மனம் வரவில்லை. உள்சுவர் என்று இருப்பவை எல்லாம் கதவுகள். ஆகவே அவர் பீரோவின் மேல் செய்தித்தாளுக்குள் படுத்திருக்கிறார். தொலைக்காட்சிக்கு அருகில் வைத்த தலையாட்டி பொம்மையோ, வருகிறவர்கள் சொல்லும் யோசனைக்கெல்லாம் மின்விசிறிக் காற்றில் தலையாட்டி என் எரிச்சலைக் கிளறுகிறது.

சென்ற வாரம் திருவாரூரிலிருந்து வந்த மாமனார், சோபாவின் கையில் முழங்காலை இடித்துக்கொண்டு, "மாப்ளே, பேசாம இதத் திண்ணையில போட்ருங்களேன்" என்றார். திண்ணைக்கு நான் எங்கே போவேன்? வாசலில் இருக்கும் ஐந்தடியில் ஸ்கூட்டர் நிற்கிறது.