வயரிங் மட்டும்தான் பாக்கியாம்!

இங்கிலாந்தில் பாதி கட்டிய கிட் காரை (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்) விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே வாத்தியார்தான் பாடம் எடுத்திருப்பாரோ என்று தோன்றுகிறது. எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் அதே வசனம்: ‘90 சதவீதம் முடிந்துவிட்டது. வயரிங் மட்டும்தான் பாக்கி. நேரம் இல்லாததால் விற்கிறேன்.’ ஐயா, வயரிங் மட்டும்தான் பாக்கி என்றால் நாலு நாள் லீவு போட்டு அதையும் முடித்து, ஓடுகிற காராகவே நல்ல விலைக்கு விற்க வேண்டியதுதானே? எதற்காக இத்தனை வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது?

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1957-ல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். கதவில்லை, கூரை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, எடையும் இல்லை. அன்றைக்கு முழுக் காராக வாங்கினால் வரி. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. அதனால் அது வளர்ந்தது. 1973-ல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. 1990-களில் ‘லோகோஸ்ட்’ என்ற பெயரில் இன்னொரு கிளை முளைத்தது: ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயை அளந்து வெட்டி, நீயே வெல்டிங் அடித்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றிலிருந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் எடுத்துப் போட்டுக்கொள். வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் அதன் மயக்கு மந்திரம்.

ஆக, என்னைப் போன்ற கிறுக்கனுக்கு இரண்டு வழி. ஒன்று, குழாய் வாங்குவதிலிருந்து ஆரம்பிப்பது. இரண்டு, எவனோ பாதியில் விட்டதை வாங்கி முடிப்பது. யாரிடம் கேட்டாலும் இரண்டாவதைத்தான் கைகாட்டுகிறார்கள். ‘அண்ணா, பாதி வேலை முடிஞ்சதையே வாங்கிடுங்க, மிச்சத்தை நாம பாத்துக்கலாம்’ என்று ஆபீஸ் தம்பி ஒருத்தன் வேறு தினமும் ஏற்றிவிடுகிறான். அந்த ‘நாம’வில் அவன் ஒரு நட்டைக்கூட முடுக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

சரி என்றுதான் போய்ப் பார்த்தேன். லெஸ்டர் பக்கம் ஒரு வீட்டு கராஜ். விளம்பரப் படத்தில் சிவப்பு மூக்கும் பளபளக்கும் சக்கரமும்தான் தெரிந்தன. நேரில் குனிந்து பார்த்தால் டாஷ்போர்டுக்கு அடியில் குடல் சரிந்த மாதிரி வயர்கள் தொங்குகின்றன. அத்தனையும் ஒரே சிவப்பு நிறம்! ஹெட்லைட்டுக்கும் சிவப்பு, எரிபொருள் பம்புக்கும் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு. ஒன்றிரண்டில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஏதோ எழுதியிருந்திருக்கிறார், மை வெளுத்துவிட்டது. ‘எது எங்கே போகிறது?’ என்று கேட்டேன். ‘போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்’ என்கிறார், வாய் கூசாமல். போட்டுப் பார்த்தால் புகைதான் வரும்!

டயர் புதுசாம், ஒரு மைல்கூட ஓடவில்லையாம். பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 2307. அதாவது 2007-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஓடவில்லை என்றாலும் ரப்பருக்கு வயசாகாதா? பிரேக் பைப்பை வளைக்கும் கருவி இல்லாமல் கையாலேயே மடக்கியிருக்கிறார், வளைவில் குழாய் நசுங்கியிருக்கிறது. உள்ளே பிரேக் ஆயில் எப்போது ஊற்றியது என்றால் நினைவில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற சரக்கு. இத்தனை வருஷம் சும்மா நின்றால் சிலிண்டருக்குள் துரு ஏறாமல் என்ன செய்யும்? பெட்ரோல் குழாய் எல்லாம் பழைய ரப்பர். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஆக பிரேக், டயர், எரிபொருள் குழாய், வயரிங் அத்தனையும் கழற்றி எறிய வேண்டும். முடிந்த 90 சதவீதத்தில் மிஞ்சுவது என்ன? இரும்புக் குழாய்ச் சட்டமான சேஸிஸும் அந்தச் சிவப்பு மூக்கும்.

அந்தச் சேஸிஸையாவது நம்பலாமா என்றால், வெல்டிங்கைக் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து மேலே பவுடர் கோட்டிங் அடித்துவிட்டார். பார்க்க அழகுதான். பற்றவைத்த இடத்தில் இரும்பு உள்ளே வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா, மேலாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இனி எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர்தான். அதில் உட்கார்ந்துகொண்டு மோட்டர்வேயில் போகப்போவது நான், அவர் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு ரத்தம் கொதித்தது காகிதத்தில்தான். வீட்டில் கட்டிய காரை இங்கே ரோட்டில் இறக்க ஐவிஏ என்ற அரசாங்கப் பரிசோதனையில் தேற வேண்டும், அப்புறம் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் பதிவு செய்ய வேண்டும். இந்த மனுஷர் கட்ட ஆரம்பித்தது அதற்கு முன்பிருந்த எஸ்விஏ பரிசோதனைக் காலத்தில். 2009-ல் அது போய் ஐவிஏ வந்து பிடி இறுகிவிட்டது. கை படக்கூடிய வெளி விளிம்பு ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மழுங்கியிருக்க வேண்டும். திருப்பிய ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நேருக்கு வர முனைய வேண்டும். எடை குறைந்த இந்த மாதிரிக் கார்கள் இதில் மாட்டிக்கொண்டு திரும்புவது ரொம்ப சகஜம். அதைச் சரிசெய்யச் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வை மாற்ற வேண்டும். அதற்கு இடம் விட்டுக் கட்டியிருக்காவிட்டால் பவுடர் கோட்டிங் போட்ட அதே சேஸிஸை அறுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும்.

டோனர் காரின், அதாவது எஞ்சினும் பாகங்களும் கழற்றிய பழைய காரின், லாக்புக் (பதிவுப் புத்தகம்) எங்கே என்று கேட்டேன். ‘அந்த ஃபோர்டு சியராவை ஸ்கிராப்புக்குப் போட்டபோதே போய்விட்டது’ என்றார். ரசீதுகள்? ‘எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கும்.’ கட்டும்போது எடுத்த படங்கள்? பழைய போனோடு போச்சாம். எஞ்சின் எந்த வருஷத்தது என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு இல்லை. புகைப் பரிசோதனையின் அளவுகோலே எஞ்சினின் வயசை வைத்துத்தான். பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று காட்ட முடியாவிட்டால் கிடைப்பது க்யூ எழுத்தில் தொடங்கும் நம்பர், ‘இது எப்போது பிறந்ததோ தெரியாது’ என்று நெற்றியில் பச்சை குத்தின மாதிரி. இன்சூரன்ஸ் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், விற்கப் போனால் விலை விழும். இவ்வளவையும் என் தலையில் கட்டிவிட்டு, வாங்கின பாகங்களின் மொத்த விலையையும் கூட்டிக் கேட்கிறார். அவர் உழைப்புக்குக் கூலி வேறு!

உடனே எதிர்க்கட்சிக்காரர்கள் மீசையை முறுக்க வேண்டாம். அடியிலிருந்து கட்டு, அடியிலிருந்து கட்டு என்று உபதேசிக்கிறவர்கள் செய்யும் பம்மாத்தும் குறைந்ததில்லை. அந்த 250 பவுண்டு கணக்கை இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, இன்றைக்கு மார்க் 2 எஸ்கார்ட் என்ன விலை என்று பார்த்தார்களா? அதை அறுத்து பாகம் எடுப்பதாகச் சொன்னால் அடிக்க வருவார்கள். சியராவோ 1993-லேயே உற்பத்தி நின்ற வண்டி, முக்கால்வாசி துருவாகிப் போய்ச் சேர்ந்தாச்சு. வெல்டிங் மெஷின், கிரைண்டர், கேஸ், முகமூடி, நல்ல வைஸ் என்று பட்டறை போடுவதற்கே தனிச் செலவு. இங்கத்திய குளிரில் ஹீட்டர் இல்லாத கராஜில் ஜனவரி மாதம் ஸ்பானர் பிடித்தவர்களிடம் கேளுங்கள், விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ‘வார இறுதியில் கொஞ்சம் கொஞ்சமாக’ என்று ஆரம்பித்தவர்கள்தானே இன்றைக்குத் தார்ப்பாயோடு விற்கிறார்கள்?

ஆனாலும் என் ஓட்டு அடியிலிருந்து கட்டுவதற்குத்தான். என் வெல்டிங் பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் எந்த மூட்டு சந்தேகம், எதை அறுத்து மறுபடி அடித்தேன் என்று எனக்குத் தெரியும். எந்த வயர் எங்கே போகிறது என்று எவன் வீட்டு வாசலிலும் நின்று கெஞ்ச வேண்டாம். பாதியில் நின்ற காரில் நான் கை வைப்பேன் என்றால் அது ஒரே வகைதான்: வெல்டிங் கண்ணுக்குத் தெரிகிற வெறும் சேஸிஸ், உறை பிரிக்காத பாகங்கள், லாக்புக்கும் ரசீதும் படமும் அடங்கிய ஒரு கோப்பு. அப்படி ஒன்று வந்தால் பேரம்கூடப் பேச மாட்டேன்.

லெஸ்டர்காரர் நேற்று விலையைக் குறைத்து மெசேஜ் அனுப்பியிருக்கிறார். லாக்புக் கிடைத்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. இதற்கிடையில் கதவுக்கு அடியிலிருக்கும் சில் தகடெல்லாம் அரித்துப்போன மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, டோனராக்க ஏற்றது. உடம்பு எனக்கு எதற்கு? எஞ்சின் ஓடுகிறது, லாக்புக் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். ஆபீஸ் தம்பியும் வருகிறேன் என்கிறான், மதியச் சாப்பாடு என் செலவு என்றால்.