தூணின் அடியை உக்க வைத்த சீமெந்து

மட்டக்களப்பு ஆரையம்பதியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையின் நான்கு முதிரை மரத் தூண்களும் 1978 நவம்பர்ச் சூறாவளியையே தாங்கி நின்றவை. அவற்றில் இரண்டு இன்று அடி உக்கி நிற்பதற்குக் காற்றோ வெள்ளமோ காரணமன்று, சில ஆண்டுகளுக்கு முன்பு "பலமாக இருக்கட்டும்" என்று சொல்லி அடியைச் சுற்றிச் சீமெந்து பூசிவிட்டுப் போன வேலைதான் காரணம். மாரியில் தூண்வழியே வடியும் நீர் மரத்துக்கும் சீமெந்துக்கும் இடையிலுள்ள வெடிப்பில் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஈரம் காயாத மரத்தில் பூஞ்சணம் பற்றுகிறது, பின்னாலேயே கறையானும் வந்து சேர்கிறது. நேற்றுச் சாவியின் நுனியால் குத்திப் பார்த்தேன். பெயின்ற் தோல் மட்டும் மிஞ்சியிருக்க, உள்ளே ஈரத் தவிடு போல உதிர்ந்தது.

வந்து பார்த்த மூவரும் ஓட்டையை அடைத்து மேலே பெயின்ற் அடித்தால் போதும் என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. கூரை வளைக்கு முட்டுக் கொடுத்து, உக்கிய பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுத்து, வைரமுள்ள முதிரைத் துண்டை, இரண்டிலும் பாதித் தடிப்பை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி, அடி நிலத்தில் படாதவாறு ஓர் அங்குலமாவது உயர்த்தி இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஓடாவிமார் (மரவேலை செய்யும் தச்சர்கள்) நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரைப் பிடிப்பதற்குள் (காத்தான்குடி வரை அலைந்துவிட்டேன்) ஐப்பசி மழை தொடங்கிவிடும் போலிருக்கிறது.